வரைகிற பிள்ளையை வரைய விடுங்கள்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





தலைவர் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் கொஞ்சம். அஸர் பாங்குக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதனால் கல்வியின் சிறப்பு என்று பொதுவாகப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கட்டடக்கலை, அதாவது பி.ஆர்க்.

காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கக் குழு உட்கார்ந்தபோது, மருத்துவம், பொறியியல், நர்சிங் எல்லாம் வேகமாக முடிந்துவிட்டன. ஒரு விண்ணப்பத்தில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. பெயர் வேண்டாம், அவர் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். கட்டணத்துக்கு அவர் கேட்ட தொகை பெரிதில்லை. கூடவே தனித்தாளில் ஒரு கணக்கு இணைத்திருந்தார். மவுண்ட் போர்டு, ட்ரேசிங் பேப்பர், கட்டர் பிளேடு, பேவிகால், வாட்டர் கலர் ஒரு பெட்டி, ஸ்கெட்ச் புக் மூன்று. கடைசி வரி: ஸ்ரீரங்கம் போய்வர பஸ் செலவு, எட்டு முறை.

குழுவில் ஒரு பெரியவர், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "செயலாளர் ஸாஹிப், இது படிப்பா, பொழுதுபோக்கா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஜமாஅத்தின் பணம், கணக்குக் கேட்காமல் கொடுக்க முடியாது. அன்றைக்கு அவரிடம் சொன்னதை இன்று உங்கள் எல்லோரிடமும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. அதில் கணிதம் உண்டு, கட்டுமானப் பாடம் உண்டு, வரலாறு உண்டு. ஆனால் படிப்பின் உயிர் ஸ்டுடியோ என்கிற வகுப்பில் இருக்கிறது. அங்கே ஒரு கேள்வியைக் கொடுப்பார்கள். உதாரணமாக, இந்த இடத்தில் ஒரு சிறு பள்ளிவாசல் வேண்டும், வரை. நமக்கு என்ன தோன்றும்? நாலு சுவர், ஒரு மிஹ்ராப், மேலே மினாரா, முடிந்தது. மாணவர் அங்கே போய் நின்று பார்க்கிறார். திருச்சியில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருக்கிறது. தெருவோ நேராகப் போகிறது. தெருவுக்கு நேராகக் கட்டினால் ஸஃப்பு சாயும். கிப்லாவுக்கு நேராகக் கட்டினால் ஓரங்களில் முக்கோணத் துண்டு இடங்கள் மிஞ்சும். அந்தத் துண்டில் செருப்பு வைக்கலாமா, ஹவுள் வைக்கலாமா? ஒளு செய்தவரின் ஈரக்கால் உள்ளே வருகிறவரின் வழியில் படாமல் இருக்க என்ன செய்வது? முழங்கால் வலிக்காரர் ஏற எத்தனை படி? பெண்கள் வருகிற வழி எது? மையித் சந்தூக் திரும்ப வாசல் அகலம் போதுமா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. இஸ்பஹானில் பெரிய மைதானம் ஒரு திசையில், அதன் ஓரத்துப் பள்ளிவாசல் வேறு திசையில். நுழைவாயில் மைதானத்தைப் பார்த்தே நிற்கிறது. அதைக் கடந்ததும் நடை திரும்பி, நம்மைக் கிப்லாவின் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. டாக்காவில் பங்களாதேஷ் நாடாளுமன்றத்தை வரைந்த லூயி கான் என்ற அமெரிக்கரும் அதையே செய்தார். முழுக் கட்டடமும் ஒரு அச்சில் இருக்க, தொழுகைக் கூடத்தை மட்டும் அதிலிருந்து சற்றுத் திருப்பி வைத்தார்.

வரைந்து முடித்தால் போதாது. தளவரைபடம், குறுக்கே வெட்டிப் பார்த்த தோற்றம், முன்தோற்றம், அட்டையில் சிறு மாதிரி எல்லாம் வேண்டும். அதற்கு ஜூரி என்று ஒரு நாள். வெளியிலிருந்து அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் வருவார். படங்களைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி அந்தப் பிள்ளைகள் தூங்குவதில்லை. இது பெற்றோர்களுக்கான தகவல். "காலேஜில் அப்படி என்ன ராத்திரி வேலை?" என்று சண்டை நடக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். நான் சொல்லும் மாணவியின் வீட்டில் ஒரு வழி கண்டார்கள். அட்டை வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். அவருடைய அத்தா தையற்காரர். அரை நூல் பிசகாமல் வெட்டுகிற கை. மகள் கோடு போட, அத்தா கட்டரை வைத்து வெட்ட, அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஃபஜர் பாங்கு சொல்லும்போது அட்டைக் கட்டடம் நிமிர்ந்து நிற்கும். "நான் மூணாவது வருஷம் படிக்கிறேன் பாய்" என்று அந்த அத்தா என்னிடம் சொன்னார்.

சரி, படிப்பு புரிந்தது. ஸ்ரீரங்கத்துக்கு எட்டு முறை எதற்கு? குழுவில் அடுத்த கேள்வி இதுதான்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போகிறோம், வருகிறோம், பார்த்திருக்கிறோமா? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில் சுற்று. உள் சுற்றுகளில் வழிபாடு, வெளிச் சுற்றுகளில் ஜனங்களின் வீடு, கடை, தெரு. 21 கோபுரங்கள். உள்ளே போகப் போகக் கோபுரம் சிறுக்கும். வெளியே வர வரப் பெருக்கும். தெற்கே வாசலில் நிற்கும் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. நம் வயதுக்காரர்கள் சிறு வயதில் அதை மொட்டைக் கோபுரமாகத்தான் பார்த்தோம். நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றது 1987-இல்தான் முழுமையானது. அரங்கனுக்கு ரொட்டி படைக்கும் வழக்கத்தையும், துலுக்க நாச்சியார் கதையையும் அங்குள்ளவர்கள் நம்மிடமே சொல்வார்கள். அது அவர்களுடைய நம்பிக்கை; மரியாதையோடு கேட்டுக்கொள்வோம்.

அந்த மாணவி வரைவது கோயிலுக்குள் போய் அல்ல. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் உட்கார்ந்து வீடுகளை வரைகிறார். பழைய வீடு முன்பக்கம் குறுகல், பின்னால் நீளமோ நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் வெளிச்சம் எங்கிருந்து? நடுவில் முற்றம் திறந்திருக்கிறது. சூடான காற்று அதன் வழியாக மேலே போக, தெருப்பக்கமிருந்தும் கொல்லைப்பக்கமிருந்தும் காற்று உள்ளே வரும். இன்றைக்கு நம் மஹல்லாக்களில் அரை கிரவுண்டில் பக்கத்துச் சுவரோடு ஒட்டி வீடு கட்டி, பகலிலேயே ட்யூப்லைட் போட்டுக்கொண்டு, ஏ.சி.க்குத் தவணை கட்டுகிறோமே, அந்த வீடுகளுக்கு விடை அங்கே இருக்கிறது. அதைப் படிக்கத்தான் பஸ் செலவு.

முக்காடு போட்ட பெண்பிள்ளை வீதி ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்து வரைவதைப் பார்த்து, ஒரு வீட்டு மாமி, "ஏம்மா வெயில்ல, திண்ணைல வந்து உக்காந்து எழுதிக்கோ" என்று கூப்பிட்டு மோரும் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை முற்றத்தையும் காட்டியிருக்கிறார். அந்த வீட்டின் வெட்டுத்தோற்றம் ஸ்கெட்ச் புக்கில் நாலு பக்கம் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "பகல் இரண்டு மணி. கூடத்தில் விளக்குத் தேவையில்லை."

ஆற்றுக்கு இந்தப் பக்கமும் குறைவில்லை. மலைக்கோட்டையில் பல்லவர் குடைந்த குகை. அதன் அடிவாரத்தில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், வானத்தைக் குத்துகிற ஐரோப்பிய பாணியில் லூர்து மாதா ஆலயம். கொஞ்சம் நடந்தால் நத்ஹர் வலி தர்காவின் குவிமாடம். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அடங்கியிருப்பதும் அங்கேதான். கல்லைக் குடைவது, கல்லை அடுக்குவது, வளைத்து மூடுவது என்று மூன்று வித்தையையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பிற ஊர் மாணவர்கள் ரயில் ஏறி வந்து பார்க்க வேண்டியதை நம் பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

இனி, வீட்டில் பலருக்கும் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். படம் வரைவது கூடுமா?

மதரஸாவில் ஓதியவன் என்பதால் இதை நழுவவிட மாட்டேன். உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி ஹதீஸ்கள் இருக்கின்றன; உலமாக்களிடையே விரிவான பேச்சும் இருக்கிறது. அதில் நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் மரம், மலை, ஆறு, கட்டடம் இவற்றில் அந்தத் தகராறே இல்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக புகாரியில் வருகிறது. திமிஷ்கில், கலீஃபா வலீதின் காலத்தில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பெரிய ஜாமிஆ பள்ளியின் சுவர்களைப் பாருங்கள். பொன்னும் பச்சையுமாகச் சிறுசிறு கண்ணாடிச் சில்லுகள் பதித்து, ஆறு, மரங்கள், மாளிகைகள். ஒரு மனிதர் இல்லை, ஒரு பறவை இல்லை. அப்படியும் அது வெறிச்சென்று தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளி இருக்கிறது. கருங்கல் தூண்கள், கல் உத்தரம், கல் கூரை. கோயில் மண்டபம் கட்டிய அதே தச்சுக் கைமுறை. ஆனால் தூணில் உருவம் கிடையாது. பூவும் கொடியும் கட்டமும்தான். காயல்பட்டினத்திலும் இத்தகைய கல் பள்ளிகள் இருக்கின்றன. நம் முன்னோர் உளியைக் கையில் எடுத்தவரிடம் "போ" என்று சொல்லவில்லை. எதைச் செதுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்து வேலை வாங்கினார்கள்.

அந்த மாணவியின் பொழுதுபோக்குகளையும் விசாரித்தேன். காம்பஸும் ஸ்கேலும் வைத்து எட்டு முனை நட்சத்திரக் கோலங்கள் போடுகிறார். ஒரு வட்டத்தில் தொடங்கி ஒரு தாள் முழுக்கப் பரவும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சதுரக் கூஃபி எழுத்தில் வீட்டார் பெயர்களை நிரப்புகிறார். உறையூர், பாலக்கரைத் தெருக்களில் பழைய ஜன்னல் கம்பிகளின் வடிவங்களை செல்போனில் படம் எடுத்துச் சேர்க்கிறார். இதுவரை இருநூறுக்கு மேல் இருக்கும் என்றார். ஒன்று போல் இன்னொன்று இல்லையாம். ஞாயிறு மாலை தம்பிகளோடு மாடியில் கிரிக்கெட். இதில் எது படிப்பு, எது பொழுதுபோக்கு என்று பிரிக்க நான் முயன்று பார்த்தேன். கிரிக்கெட்டை மட்டும்தான் பிரிக்க முடிந்தது.

பணம் எந்தக் கணக்கிலிருந்து என்பதும் பேசப்பட்டது. ஜகாத் பணத்தில் கலர் பென்சிலா என்று ஒருவர் கேட்டார். ஹனஃபி ஃபிக்ஹு ஓதியவர்களுக்குத் தெரியும்: ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் கையில் கொடுத்து அவருக்கு உரிமையாக்கிவிட்டால், பிறகு அது அவர் பணம், தம் தேவைக்கு அவர் செலவிடுவார். ஆனாலும் குழுவில் யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று, கட்டணத்தை ஜகாத் கணக்கிலும் பொருள் செலவைப் பொதுவான ஸதகா கணக்கிலும் எழுதிக்கொண்டோம். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

"இவ்வளவு செலவழித்து ஜமாஅத்துக்கு என்ன லாபம்?" என்று நேரடியாகக் கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. கொஞ்சம் கசப்பான பதில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊர் மஹல்லாவுக்கு நிக்காஹுக்காகப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே என் சிறு வயதில் தொழுத பழைய பள்ளி இருந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், மரத்தூண்கள், கோடையிலும் ஜில்லென்ற தரை. அதை முழுக்க இடித்துவிட்டு, டைல்ஸும் கண்ணாடியுமாகப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. கட்ட வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. பழைய பள்ளியின் படம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முத்தவல்லி தம் போனில் தேடி, ஒரு கல்யாண ஊர்வலப் புகைப்படத்தைக் காட்டினார். மாப்பிள்ளைக்குப் பின்னால் பள்ளியின் வாசல் பாதி தெரிந்தது. அந்தப் பள்ளியைப் பற்றி இன்று மிஞ்சியிருப்பது அந்தப் பாதி வாசல்தான். தூண் எத்தனை, இடைவெளி எவ்வளவு, கூரையை எப்படித் தாங்கினார்கள், ஒன்றும் தெரியாது. கட்டிய மேஸ்திரிகளின் பேரன்களுக்கும் தெரியாது.

மெஹ்ர்தாத் ஷுக்கூஹி என்ற அறிஞர் தமிழகக் கடலோரத்துப் பழைய பள்ளிகளையும் மதுரைப் பள்ளிகளையும் நாடா பிடித்து அளந்து, வரைபடங்களோடு 2003-இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து அவர் அளந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும். உள்ளூரில் நாம் அளந்தது என்ன?

கட்டடக்கலை மாணவர்களுக்கு இது ஒரு பாடமே. பழைய கட்டடத்தை நாடா பிடித்து அளந்து, உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். இந்திய அளவில் கட்டடக்கலை மாணவர்களின் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளில், இப்படிப் பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்கென்றே ஒரு கோப்பை இருக்கிறது. மேலே சொன்ன லூயி கான் பெயரில். அதனால் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இந்த மாணவியும் உடன் படிக்கும் தோழிகளும் விடுமுறையில் நம் பகுதியின் ஒரு பழைய பள்ளியை அளந்து வரைவார்கள். நாடா, தாள், மதியச் சாப்பாடு அறக்கட்டளையுடையது. படங்களின் ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி நம் அலுவலகத்தில். இங்கே வந்திருக்கும் முத்தவல்லிகளிடம் ஒரு வேண்டுகோள்: இடிக்கத் தீர்மானம் போட்டிருந்தால், இடிப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். பிள்ளைகள் வந்து அளக்க ஒரு வாரம் கொடுங்கள். பெண்பிள்ளைகள் என்பதால் தொழுகை நேரம் தவிர்த்து வர, கூட ஒரு பெரியவர் இருக்க, ஏற்பாடு எங்கள் பொறுப்பு.

பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் சரிவருமா என்று அம்மாமார்கள் யோசிக்கிறீர்கள். ஸஹா ஹதீத் என்று ஒரு பெண்மணி. 1950-இல் பக்தாதில் பிறந்தவர். பெய்ரூத்தில் கணிதம் படித்து, பிறகு லண்டனில் கட்டடக்கலை படித்தார். பல ஆண்டுகள் அவர் வரைந்தவை காகிதத்தோடு நின்றன. கட்ட யாரும் முன்வரவில்லை. பெரிய ஓவியங்களாக வரைந்துகொண்டே இருந்தார். 2004-இல் கட்டடக்கலைக்கு உலகில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஹாஜிமார்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் இறங்கியவர்கள் தலைக்கு மேலே வெண்கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். 210 கூடாரங்கள். கண்ணாடியிழைத் துணியைக் கம்பியால் இழுத்துக் கட்டியது. பாலைவன வெயிலில், நாலு பக்கமும் திறந்த இடத்தில், லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்க நிழல். அதன் கட்டுமானப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929-இல் வங்காளத்தில் பிறந்தவர். சிகாகோவில் 110 மாடி சியர்ஸ் கோபுரம் நிற்பதற்கு வழி கண்டவரும் அவர்தான். கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான கட்டடம் அது. அத்தனை வேலைக்கு நடுவிலும் தாகூரின் பாடல்களை விரும்பிப் பாடுவாராம். 1982-இல் ஜித்தாவில்தான் அவர் காலமானார்.

கடைசியாக, பதினொன்று, பன்னிரண்டு படிப்பவர்களுக்கு. கணிதம் இல்லாத பிரிவில் படித்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்து நிற்காதீர்கள், பி.ஆர்க்.குக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். நுழைவுத் தேர்வு இரண்டு: நாட்டா, ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். துவாக்குடி என்.ஐ.டி.யிலும் பி.ஆர்க். இருக்கிறது, அங்கே சேர ஜேஇஇ வழிதான். மாநிலக் கலந்தாய்வுக்கு நாட்டா மதிப்பெண். இரண்டிலும் வரையச் சொல்வார்கள். சேரும் கல்லூரி கட்டடக்கலைக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியும். சும்மா வரையத் தெரியும் என்பதற்காக மட்டும் வராதீர்கள். நாலு கட்டடத்தை நின்று பார்த்து, ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் வாருங்கள். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். இந்த ஆண்டு முதல் அதில் "பொருள் செலவு" என்று தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம், பில்லோடு எழுதலாம்.

பக்கத்து அறையில் அந்த மாணவியின் ஸ்கெட்ச் புக்குகளையும், பள்ளிவாசல் அட்டை மாதிரியையும் மேசையில் வைத்திருக்கிறோம். தொழுகை முடிந்து தேநீருக்குப் போகும்போது பாருங்கள். புரட்டிப் பார்க்கலாம். டீ டம்ளரை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.